அம்மா பாடிய படத்தின் பாட்டுப் புத்தகம்

என் அம்மா ஒரு சினிமாவில் பாடியிருக்கிறாள். ஒரே ஒரு படம், அதில் ஒரே ஒரு பாட்டு. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் படத்தின் பெயரைக் கேட்பார்கள். சொன்னதும், அப்படி ஒரு படம் வந்ததா என்பார்கள். பிறகு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு இது எப்போதாவது நடப்பது. அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க நடந்தது.

அம்மாவின் பிறந்த ஊர் திண்டிவனம். அவளுடைய தாய்மாமன் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர்தான் பாவாடை தாவணி வயதில் இருந்த அம்மாவை ரயிலேற்றி மெட்ராசுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்தார். கதாநாயகியின் தோழி கிணற்றடியில் பாடுகிற பாட்டு அது. ஒலிப்பதிவு நடந்த இடத்தில் தாகமெடுத்துச் சோடா கேட்டதற்கு, தொண்டை கெட்டுவிடும் என்று ஒருவர் திட்டிவிட்டு, வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தாராம். அம்மா அந்த மனிதரைப் பற்றி அடிக்கடி சொல்வாள். தன் தொண்டைக்காக அக்கறைப்பட்ட ஒரே ஆள் அவர்தான் என்பாள்.

படம் வருவதற்கு முன்பே பாட்டுப் புத்தகம் அச்சாகிவிட்டது. மாமன் அதைக் கொண்டுவந்து அவளுக்கு மட்டும் காட்டினார். ரோஸ் நிறத் தாளில் அட்டை. உள்ளே அவளுடைய பாட்டுக்கு மேலே 'பாடியவர்: குமாரி' என்று போட்டு அம்மாவின் பெயர். அவள் அதை ஒருநாள் முழுக்கக் கையில் வைத்திருந்தாள். அடுத்த நாள் வேறொரு கம்பெனிக்காரரிடம் காட்டி வாய்ப்புக் கேட்க வேண்டும் என்று மாமன் வாங்கிக்கொண்டு போனார். அதோடு சரி. கொஞ்ச நாளில் அவர் நாடகக் குழுவோடு சிங்கப்பூர் போய், அங்கேயே இருந்துவிட்டார். புத்தகம் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

படம் திண்டிவனத்துக்கு வந்தபோது மொத்தக் குடும்பமும் டென்ட் கொட்டகைக்குப் போனது. பெரியப்பா, சித்தப்பா வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே மணலில் உட்கார்ந்து காத்திருந்தது. பாட்டுப் புத்தகம் அந்தக் கொட்டகைக்கு வரவில்லை. கிணற்றடி வந்தது. தோழி குடத்தை இறக்கி வைத்தாள். வாயைத் திறந்தாள். அடுத்த கணம் திரையில் அரண்மனை. ராஜா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

நீளம் அதிகமென்று பாட்டை வெட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணம். ஆனால் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. அம்மாவின் அப்பா இடைவேளைக்கு முன்பே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லோரும் பின்னாலேயே நடந்தார்கள். பெண்ணை மெட்ராசுக்குக் கூட்டிப்போன மச்சான் அங்கே என்ன செய்தானோ, பாட்டு என்று எதையோ சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே அம்மாவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

கதை அவளுக்கு முன்பே விழுப்புரம் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வீட்டில் அவளுக்கு 'கொட்டாய்ப் பாட்டுக்காரி' என்று பெயர். குழம்பில் உப்புக் கூடினால், "பாடிக்கினே உப்பு போட்டா அப்பிடித்தான்" என்பார்கள். அப்பா அடிக்கிறவரில்லை. சிரிக்கிறவர். விருந்தாளிகள் வந்தால், "இவ சினிமாவுல பாடனவ. படத்த எத்தினி தரம் பாத்தாலும் பாட்டு மட்டும் காதுல வுழாது" என்று சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் கூடச் சிரித்துவிட்டுக் காபி போட உள்ளே போவாள். அடுப்படியில் அந்தப் பாட்டைத்தான் மெதுவாகப் பாடிக்கொண்டிருப்பாள். நான் அதைக் கேட்டு வளர்ந்தேன். அவளே இட்டுக்கட்டிய பாட்டு என்று அத்தைகள் சொன்னார்கள்.

கோலியனூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த புதிதில், விழுப்புரம் பழைய பேப்பர் கடை ஒன்றில் ஒரு கட்டைப் பார்த்தேன். சணல் கயிறு போட்டுக் கட்டிய பாட்டுப் புத்தகங்கள். கொட்டகை வாசலில் விற்கப்பட்டவை. நாலைந்து தாள்தான் இருக்கும். நடித்தவர்கள் பெயர், பாட்டுகளின் வரிகள், கதைச் சுருக்கம். சுருக்கம் சரியான இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். அந்தக் கடையில் நின்றபடியே எனக்கு ஒன்று உறைத்தது. மற்ற படங்களுக்கு இவையெல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன என்றால், அம்மாவின் புத்தகமும் எங்காவது பிழைத்துத்தான் இருக்கும். பாட்டை வெட்டியவர்கள் புத்தகத்தை வெட்டியிருக்க முடியாது.

அப்படித்தான் சேர்க்க ஆரம்பித்தேன். எனக்குப் பழைய சினிமா மேல் பெரிய மோகமெல்லாம் கிடையாது. பாட்டுப் புத்தகம், கதை வசனப் புத்தகம், படம் வெளியானபோது போட்ட சிறப்பு மலர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். தேடுவது ஒன்றுதான். கிடைப்பது மற்றது எல்லாம். கிடைத்ததைத் தூக்கிப் போட மனம் வராமல் வைத்துக்கொண்டே வந்ததில் நான் சேகரிப்பாளராகிவிட்டேன்.

இதே புத்தகங்களைச் சேர்க்கிற ஒருவரைத் திண்டிவனத்தில் ஒரு பேப்பர் கடையில் சந்தித்தேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே புத்தகக் கட்டின்மேல் கை வைத்தோம். "நீங்க பாருங்கம்மா மொதல்ல" என்று விலகிக்கொண்டார். அந்த மரியாதை அன்றைக்கு மட்டும்தான். பிறகு நாங்கள் சேர்ந்து தேடப் போன இடங்களிலெல்லாம் அவர்தான் முதலில் பார்த்தார். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை. அவர் எனக்கு மூத்தவர், விஷயம் தெரிந்தவர்.

அவர் வீட்டு மாடியறையில் இரும்பு பீரோக்கள் வரிசையாக நின்றன. திறந்தால் ரசகற்பூர உருண்டையும் காய்ந்த வேப்பிலையும் கலந்து ஒரு நெடி அடிக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டுத்தாளில் சுற்றி வைத்திருந்தார். தாளை அரிக்கிற இராமபாணப் பூச்சிக்கு அவர் பயந்ததுபோல வேறெதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அங்கே முதன்முதலாகப் போன அன்றே அம்மாவின் கதையைச் சொல்லிவிட்டேன். படத்தின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"கேள்விப்பட்டிருக்கேன்மா. கெடைக்கிறது கஷ்டம். தேடலாம்."

தேடினோம். விடுமுறை நாட்களில் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம். கோட்டக்குப்பத்தில் ஒரு குடும்பம் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறது, பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் இருக்கிறது என்று தகவல் வந்தது. சேர்ந்தே போனோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த அந்த வீட்டுப் பையன், "எடுத்துக்கினு போங்க, எடம் காலியானா போதும்" என்றான். அவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ் அட்டை கண்ணில் பட்டபோதெல்லாம் விரலை நீட்டுவேன். "இதுவா பாருங்க சார்" என்பேன். அவர் திரும்பிப் பார்க்காமலேயே இல்லை என்று தலையாட்டுவார்.

என் கணவர் இறந்த பிறகு அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்து சேர்ந்தார்கள். நான் அலமாரியில் அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் அம்மா பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைத் தடவி, திருப்பி வைத்தாள். "இவ்ளோ கெடைச்சிருக்குது. அது மட்டும் எங்க போயிருக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே கிளம்பினால் வாசல்வரை வருவாள். திரும்பி வந்தால் என் பையைத்தான் முதலில் பார்ப்பாள்.

ஒருமுறை திண்டிவனத்துக்காரர் திருவாமாத்தூர் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டார். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு அந்தப் படத்துக்கு வந்தது.

"அந்தப் பாட்ட ஒரு தரம் பாடிக் காட்டுங்கக்கா" என்று அவரே கேட்டார்.

அம்மாவை யாரும் பாடச் சொல்லிக் கேட்டதே இல்லை. கூடத்தில் சாய்வு நாற்காலியில் அப்பா இருந்தார். அவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மா பாடினாள். குரல் தேய்ந்திருந்தது. ஆனால் சரணத்தில் ஏறவேண்டிய இடத்தில் ஏறினாள். அவர் கண்ணை மூடிக் காபி டம்ளரின் விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அம்மா அடுத்த வரி வராமல் தடுமாறினாள். அவர் உதடு லேசாக அசைந்தது போலிருந்தது. அம்மாவுக்கு வரி நினைவு வந்துவிட்டது. பாடி முடித்தாள்.

"நல்லா இருக்குதுக்கா" என்றார் அவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒன்னு சொல்லணும். நானும் பல எடத்துல விசாரிச்சிட்டேன். அந்தப் படத்துக்குப் பாட்டுப் புத்தகமே போடல. கம்பெனி பாதியிலயே படுத்துடுச்சி. புத்தகம் அடிக்கிற நெலமையில அவங்க இல்ல."

"நான் பாத்தனேங்க. கையில வச்சிருந்தேன்" என்றாள் அம்மா.

"வேற படத்தோடதா இருக்கும்க்கா. சின்ன வயசு பாருங்க, மாறிப்போயிருக்கும்."

அப்பா நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். "நான் அப்பலேர்ந்து இதத்தான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். குரலில் கேலிகூட இல்லை. வழக்கு ஜெயித்தவர் போல நிம்மதியாகச் சொன்னார்.

அன்று மாலை அம்மா முறத்தில் மல்லாட்டையைக் கொட்டித் தோலுடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தலை நிமிராமல், "அவரு தெரிஞ்சவரு. தெரியாம சொல்லமாட்டாரு" என்றாள். அப்புறம் அவள் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்கவில்லை. தேடுவதை விட்டுவிடச் சொன்னாள். நான் விடவில்லை. ஆனால் வாசல்வரை வருவதை அவள் நிறுத்திவிட்டாள். கடைசிக் காலத்தில் ஒருநாள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள். "நான் மெட்ராசுக்குப் போனது நெஜமாடி? இல்ல, அதுவும் கனவு கினவா?" நெஜம்தான்மா என்றேன். "உனக்கு எப்பிடித் தெரியும், நீ அப்ப பொறக்கலியே" என்றாள். அந்தச் சந்தேகத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

சாவுக்குத் திண்டிவனத்திலிருந்து அவரும் வந்திருந்தார். பெரிய மாலையாக வாங்கிவந்து போட்டார். அம்மாவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தேன்.

அது நடந்து சில வருடங்கள் ஆயின. நான் ஓய்வு பெற்று, பெங்களூரில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, நினைத்ததைவிட முன்பாகவே ஊர் திரும்பினேன். வந்த மறுநாள் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்க திண்டிவனத்து சாரோட புத்தகமெல்லாம் காலேஜுல கண்காட்சி வச்சிருக்காங்க. நீங்க போலியா?" விழுப்புரத்திலேயே, என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் நடக்கிறது. அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கல்லூரி அரங்கில் நீளமான மேசைகள் போட்டுக் கண்ணாடி மூடி வைத்திருந்தார்கள். அவர் தோளில் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் ஒருவர் மைக்கில் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் ஓசைப்படாமல் மேசைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி மேசையில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. 'வேறெங்கும் இல்லாத ஒரே பிரதி' என்று அட்டை எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ரோஸ் நிறம் வெளுத்துச் சதை நிறமாகியிருந்தது. படத்தின் பெயர் அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கைதட்டல் கேட்டது. எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையில் பொட்டலத்தோடு மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"பெங்களூருலேர்ந்து எப்பம்மா வந்தே?"

"இது எப்ப கெடைச்சுது சார்?"

அவர் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் மறுபடியும் கேட்டேன்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட இருந்துது" என்றார்.

அப்படியென்றால் அந்த மாடியறைக்கு நான் முதன்முதலாகப் போன அன்றும் அது பீரோவில் இருந்திருக்கிறது. கோட்டக்குப்பத்தில் நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோதும் இருந்திருக்கிறது.

"நான் குடுங்கன்னு கேக்கலியே சார். பாக்கணும்னுதானே கேட்டோம்."

"பாத்தா கேப்பம்மா. அக்கா பேரு இருக்குது. நீ வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு தரமாட்டேன்னு சொல்றது? அதான், இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன்." பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப சொல்லிடலாம்னுதான் வந்தேன். சத்தியமா. அக்கா பாடனாங்க. பாடி முடிச்சதும் அவங்க மூஞ்சியப் பாத்தேன். இனிமே சொன்னா இது அவங்களுதாயிடும்னு தோணிச்சி."

"அவங்களுதுதான் சார்."

"ஒன்னே ஒன்னுதான்மா இருக்குது" என்றார். கெஞ்சுகிற குரல். என்னிடமிருந்து அதைக் காப்பாற்றப் போகிறவர் போலக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

திறந்து காட்டச் சொன்னேன். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. மூன்றாவது பாட்டு. பாடியவர், குமாரி, அம்மாவின் பெயர். அதன் கீழே வரிகள். சின்ன வயதிலிருந்து அடுப்படியில் கேட்ட வரிகள், ஒரு சொல் மாறாமல். அம்மா தடுமாறிய இடத்தில் வரவேண்டிய வரியும் இருந்தது. அதைப் படிக்கும்போது, அவர் உதடு அசைந்ததை நான் கற்பனை செய்யவில்லை என்று புரிந்தது.

"போட்டோ எடுத்துக்கோ. ஆனா வெளியில யாருக்கும் அனுப்பாத" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தைகள் பிறகு தோன்றின. அப்போது கைபேசியைத்தான் எடுத்தேன். முதல் படம் கலங்கிப்போனது. இன்னொன்று எடுத்தேன். அவர் புத்தகத்தை வாங்கிப் பூட்டிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் வெளியே வந்து வெயிலில் நடந்தேன்.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. காது மந்தம், கண் நன்றாகத் தெரியும். அன்று மாலை அவருக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு, கைபேசியில் படத்தைப் பெரிதாக்கி முகத்துக்கு எதிரே பிடித்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பாட்டின் வரிகளையும் படித்தார். என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் அழுவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"இந்தப் பேருல ஊருல எம்மாம் பேரு இருக்காங்க" என்றார். "இத எங்கியோ பாத்துட்டு வந்துதான் அவ பாடிக்கினு இருந்திருப்பா."

கூழை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. புத்தகம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை காலமும் தேடியிருக்கிறேன். அது அன்றைக்கே கிடைத்திருந்தாலும் அப்பா இதையேதான் சொல்லியிருப்பார். நம்புகிறவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் அம்மா அதைப் பார்த்திருப்பாள். தன்னையே சந்தேகப்படாமல் செத்திருப்பாள். அதற்காகவாவது அது வெளியே வந்திருக்க வேண்டும்.

போன வருடம் திண்டிவனத்துக்காரர் தன் சேகரிப்பு மொத்தத்தையும் சென்னையில் ஒரு வசதியான மனிதருக்குக் கைமாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் வீட்டை விற்கச் சொல்லி நெருக்கினார்களாம். ஒருவர் மூலமாக எண் வாங்கி அந்தச் சென்னைக்காரருக்கு அழைத்தேன். உதவியாளர்தான் எடுத்தார். சார் அதையெல்லாம் வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை என்றார். எங்கள் அம்மா பாடிய பாட்டு அதில் இருக்கிறது என்றேன். எந்தப் படம் என்று கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு படம் வந்ததா என்றார்.

நான் இப்போது பேப்பர் கடைகளுக்குப் போவதில்லை. அலமாரியில் இருக்கிற புத்தகங்களைத் தூசி தட்டுவதோடு சரி. அவற்றில் எத்தனையோ பேருடைய பெயர்கள் இருக்கின்றன. யாருடைய வீட்டில் யார் தேடுகிறார்களோ தெரியாது. கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் வரவில்லை.

கைபேசியில் இருந்த படத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கணினியில் உட்கார்ந்திருந்த பெண், தாள் ரொம்பப் பழுப்பாக இருக்கிறது, வெள்ளையாக்கித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். லேமினேட் செய்து கூடத்தில் அம்மாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அப்பாவின் நாற்காலி அதற்கு நேர் எதிரே. மாட்டிய தாளின் பின்னால் பல்லி முட்டை வைக்கிறது, கழற்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கழற்றவில்லை.